மானுக்கு விருந்தா? மானே விருந்தா?

விவசாயி பயிர் வைப்பார். ராத்திரியில் மான் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். காலையில் விவசாயி தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். இது நமக்குத் தெரிந்த கதை.

மான் வந்து மேயட்டும் என்பதற்காகவே ஒருவர் நிலத்தை உழுது, மண் பரிசோதனை செய்து, சுண்ணாம்பும் உரமும் போட்டு, விதை தூவுகிறார் என்றால்? "அடடா, என்ன ஒரு ஜீவகாருண்யம்! வள்ளலார் வழி வந்தவரோ?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அதே நிலத்தின் ஓரத்தில், ஒரு மரத்தின் மேல், அதே ஆள் பரண் கட்டி வில்லோடோ துப்பாக்கியோடோ உட்கார்ந்திருக்கிறார் :)

அமெரிக்காவில் இது பல மாநிலங்களில் சாதாரணமாக நடக்கிற காரியம். 'ஃபுட் பிளாட்' என்கிறார்கள். தமிழில் தீவனக் கொல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்றால், காரணம் இருக்கிறது. விதை வாங்காமல், ஏர் பிடிக்காமல், தாம்பரத்திலிருந்து கிண்டி வரை நம் ஆட்களும் தீவனக் கொல்லை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது, அவ்வளவுதான். முதலில் அமெரிக்கக் கதையைப் பார்த்துவிடுவோம்.

கொல்லையில் என்ன விளைகிறது?

குளோவர், ஓட்ஸ், குளிர்காலக் கோதுமை, டர்னிப், சிக்கரி, சோயா. இதில் ஒரு வேடிக்கை, நம் வீட்டுக் குழம்பில் போடுகிற தட்டைப்பயறு இனமும் அங்கே மானுக்கு விதைக்கப்படுகிறது. மனிதன் அறுவடை செய்வதற்காக இதெல்லாம் இல்லை. மான் மட்டும் தின்ன வேண்டும்.

அளவில் இரண்டு வகை. சில ஏக்கர் பரப்பில் போடுவது, மான் வருடம் முழுவதும் அந்தப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்பதற்காக. இன்னொன்று சின்னது, நம் கணக்கில் 25 சென்ட், 50 சென்ட். காட்டுக்குள் மறைவான இடத்தில், பரணிலிருந்து அம்பு எட்டுகிற தூரத்தில் இருக்கும். வேட்டைக்காரர்கள் பேச்சில் இதற்குப் பெயர் 'கில் பிளாட்'. ஒளிவு மறைவே இல்லை பாருங்கள், பெயரிலேயே கொலை இருக்கிறது.

இலையுதிர் காலத்துக்கான விதைப்பு பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். வில் வேட்டை செப்டம்பர், அக்டோபரில் திறக்கும். துப்பாக்கி வேட்டை பல இடங்களில் நவம்பரில். காட்டில் மற்ற பச்சையெல்லாம் காய்ந்து பழுப்பாகிற நேரத்தில் இந்தக் கொல்லை மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கும். மான் வராமல் என்ன செய்யும்? சில வாரம் தின்று பழகி, பயம் விட்டுப்போய், ஒரே நேரத்துக்கு வர ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள்...

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்பார்களே, அதுதான் ஞாபகம் வருகிறது. இந்த ஓநாய் ஒரு படி மேலே போய் ஆட்டுக்குக் குடையும் பிடிக்கிறது.

அவர்கள் பக்கத்து நியாயம்

திட்டுவதற்கு முன்னால் அவர்கள் கணக்கையும் பார்ப்பதுதான் முறை. பேரேட்டில் பற்றுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நஷ்டம் என்று சொல்லக் கூடாது அல்லவா?

1900-ஆம் ஆண்டு வாக்கில், கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம், அல்லது அதற்கும் கீழே போய்விட்டன. இன்று ஏறக்குறைய 3 கோடி. நடுவில் நடந்தவற்றில் முக்கியமானது 1937-இல் வந்த பிட்மன் - ராபர்ட்சன் சட்டம். நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, காட்டுயிர் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்குப் போகிறது. வேட்டை உரிமத்துக்குக் கட்டும் பணமும் அந்தத் துறைக்குத்தான். ஆக, மானைச் சுடுகிறவன் மானுக்கு வாடகை கட்டிவிட்டுத்தான் சுடுகிறான். எத்தனை சுடலாம், எந்த மாதம் சுடலாம், ஆணா பெண்ணா என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. ஓநாயும் மலைச்சிங்கமும் ஒழிந்துபோன இடங்களில் மான் அளவுக்கு மீறிப் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது, அதைக் குறைக்க வேட்டை தேவை என்பதும் அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது.

ஆனால் தீவனத்தைக் காட்டி ஒரே இடத்தில் மானைக் கூட்டுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட ஒரு நோய், மானை மெலியவைத்து மெலியவைத்துக் கொல்கிறது. பிரியான் எனப்படும் கெட்டுப்போன புரதத்தால் வருவது. மருந்து கிடையாது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும். மண்ணில் பல வருடங்கள் அப்படியே கிடக்கும். இன்று 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இது இருக்கிறது. ஒரே இடத்தில் பத்து மான் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மிச்சிகன் மாநிலம் தன் கீழ்த் தீபகற்பத்தில் 2019-இல் தீனி கொட்டி மான் வேட்டையாடுவதைத் தடை செய்தது. சோளத்தைக் குவித்து வைத்தால் குற்றம். அதே மானுக்காகக் குளோவர் விதைத்தால் குற்றமில்லை!

கொட்டினால் பொறி, விதைத்தால் விவசாயமா? பரந்த வயலில் மான்கள் விலகி நின்று மேயும், குவியலில் முகத்தோடு முகம் வைத்துத் தின்னும் என்று விளக்கம் சொல்வார்கள். நோய்க் கணக்குக்கு அது சரி. மானின் கணக்குக்கு? இரண்டிலும் முடிவு ஒன்றுதான்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. தீனியையோ துணையையோ காட்டி விலங்கை வரவழைப்பது உலகத்தின் பழைய தந்திரம். பழகிய மானைக் கட்டிவைத்து, அதை நம்பி வரும் காட்டு மானைப் பிடிப்பார்கள். அந்தப் பழகிய மானுக்குத் தமிழில் 'பார்வை' என்றே ஒரு சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில் அப்படியொரு பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. ஆக, தந்திரத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கேட்க முடியாது.

ஆனால் விதைத்து வரவழைப்பது நம் வழக்கம் இல்லை. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் பரண் உண்டு. கிளி விரட்டக் கவணும் தட்டையும் உண்டு. பன்றி, மான், யானை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று இரவெல்லாம் காவல். அங்கே பரண் பயிரைக் காப்பதற்கு. இங்கே பரண் பயிரைத் தின்ன வருவதைச் சுடுவதற்கு. பொருள் ஒன்று, கணக்கு நேர் எதிர்.

வெள்ளைக்காரன் காலத்தில் நீலகிரியில் அமெரிக்க மாதிரிக்கு நெருக்கமான ஒன்று நடந்தது. 1877-இல் அங்கே வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் சுடக் கூடாது, குறிப்பிட்ட மாதங்களில் சுடவே கூடாது. வரையாட்டையும் கடமானையும் அவர்கள் காப்பாற்றியது எதற்கு? அடுத்த வருடமும் சுட வேண்டுமே! நோக்கம் சுயநலம்தான். ஆனாலும் விலங்கு மிஞ்சியது என்பதை மறுக்க முடியாது.

பிறகு 1972-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் ஆரம்பத்தில் உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. இன்று இந்தியாவில் மான் வேட்டை சீசன் என்று ஒன்று கிடையாது. 1998-இல் ஜோத்பூர் பக்கம் வெளிமான் சுட்ட வழக்கில் ஒரு பிரபல இந்தி நடிகருக்கே 2018-இல் 5 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு இருக்கும் விளக்கம். சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் வேட்டை இல்லை. தீனி வைத்து வரவழைப்பதும் வேட்டைதான். அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். ஆக, அமெரிக்கக்காரர் விதை தூவுகிற அன்றைக்கே, நம் சட்டப்படி வேட்டை ஆரம்பித்துவிட்டது!

இனி நம்ம ஊர்க் கதை

சீசன் இல்லை, துப்பாக்கி இல்லை, பரண் இல்லை. அப்படியானால் மான் நிம்மதியாக இருக்க வேண்டுமே?

அனகாபுத்தூரில் மான் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் கிண்டி, இன்னொரு பக்கம் தாம்பரம். கிண்டி தேசியப் பூங்கா வெறும் 2.70 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. பழைய கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலத்தில்தான் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. வந்தது. இந்த இரண்டு வளாகங்களிலும் புள்ளிமானும் வெளிமானும் உண்டு. தாம்பரத்தில் 1937-இல் குடிவந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் சுமார் 365 ஏக்கர் வளாகத்திலும் புள்ளிமான்கள் திரிகின்றன. சுற்றிலும் கட்டடம், சாலை, ரயில், கோடிக்கணக்கான ஜனம். நடுவில் தீவு மாதிரி இந்த மான்கள்.

இந்தத் தீவுகளின் ஓரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். வேலியோரம் வண்டியை நிறுத்தி, குழந்தைக்குக் காட்டுவதற்காகப் பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். மிச்சம் மீதி சோறு, பழத்தோல், காய்கறிக் கழிவு எல்லாம் பாலித்தீன் பையில் கட்டிச் சுவரோரம் வீசப்படுகிறது. கல்யாண மண்டபம், ஹாஸ்டல், டீக்கடை என்று எல்லா இடத்திலிருந்தும் இது வருகிறது. போட்டவர் புண்ணியம் தேடிக்கொண்டதாகவோ குப்பையைத் தள்ளிவிட்டதாகவோ நினைத்துப் போய்விடுகிறார்.

மான் என்ன நினைக்கும்? தினமும் ஒரே இடத்தில், உழைக்காமல், ருசியான தீனி. அமெரிக்கக் கொல்லையில் பழகுகிற மாதிரியே இதுவும் பழகுகிறது. மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்ற பயம் போகிறது. சுவர் ஓரத்துக்கும் சாலை ஓரத்துக்கும் வருகிறது. அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

1. நாய். அதே மிச்சச் சோற்றைத் தின்றுதான் தெருநாய்க் கூட்டமும் அங்கே வளர்கிறது. சென்னை வளாக மான்களுக்கு நாய்க்கடியால் வரும் சாவு புதுச் செய்தி இல்லை. ஒரே இலையில் இரையையும் வேட்டைக்காரனையும் உட்காரவைத்துப் பரிமாறினால் வேறென்ன நடக்கும்?

2. வண்டி. இருட்டில் சாலையைக் கடக்கும் மான் ஹெட்லைட் வெளிச்சத்தில் அப்படியே உறைந்து நிற்கும்.

3. பை. உப்பும் சோறும் ஒட்டிய பாலித்தீன் பையை மான் அப்படியே விழுங்கிவிடும். அது வெளியே வராது. வயிற்றில் உருண்டு பந்தாகி, மான் வயிறு நிறைந்ததாகவே நினைத்துப் பட்டினியில் சாகும்.

4. அந்தத் தீனியேதான். மான் அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்கும் இலைக்கும் பழகியவை. திடீரென்று சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று மாவுப்பொருள் நிறைய உள்ளே போனால் அமிலம் பொங்கி, வயிறு உப்பி, உயிருக்கே உலையாகிவிடும்.

கடல் தாண்டியும் இதே கதை. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போனவர்களுக்கு பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களைத் தெரியும். கையில் பழத்தோடு யாத்ரீகர் கூட்டம், கூடவே நடக்கும் மான் கூட்டம், படம் எடுக்க அழகு. அந்த மான்கள் ஊர்க் குப்பையை மேய்வதும், பாலித்தீன் தின்று சாவதும் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும் செய்தி.

ஆக, கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தீவனக் கொல்லைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, செலவு உண்டு, வரி உண்டு, வரம்பு உண்டு, வருடத்தில் சில மாதம்தான் வேட்டை. நம் தீவனக் கொல்லைக்குச் சொந்தக்காரர் இல்லை, செலவு இல்லை, வரம்பு இல்லை, வருடம் 365 நாளும் சீசன். அவர்கள் கொல்லும் நோக்கத்தோடு தீனி வைக்கிறார்கள். நாம் கொல்லும் நோக்கமே இல்லாமல் தீனி வைக்கிறோம். பிஸ்கட் போடுவதைச் சட்டம் வேட்டை என்று சொல்லாது, நோக்கம் வேறு என்பதால். நாயின் பல்லில் மாட்டிய மானுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

விவசாயியை மறந்துவிட முடியாது

ஊருக்குள் இருப்பவர்கள் ஆசைக்குத் தீனி வைக்கிறார்கள் என்றால், காட்டோரத்து விவசாயி ஆசைப்படாமலேயே தீனி வைக்கிறார். அவர் வயல் முழுவதுமே தீவனக் கொல்லைதான். மானும் பன்றியும் மேய்ந்துவிட்டுப் போகும் நஷ்டத்தை வனத்துறையிடம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த ஆத்திரத்தில் சிலரும், கறிக்காகச் சிலரும் செய்யும் கொடூரம் 'அவுட்டுக்காய்'. பழத்துக்கோ தீனிக்கோ உள்ளே நாட்டு வெடியைப் பொதிந்து வைத்துவிடுவது. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும், மாடு கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதறித் தண்ணீரில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்து அழுதது. அதுவும் தீனியில் வைத்த பொறிதான்.

சென்னையில் பிஸ்கட் போடுகிறவர் இந்த அவுட்டுக்காய்க்காரரைப் பார்த்து "ச்சே, மனுஷனா இவன்?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் பயிர் போனவனுக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று அவரோ அவர் அக்கம் பக்கமோ ஒரு மனு போட்டதுண்டா? மான் மேல் அன்பு வைப்பதன் செலவை எப்போதும் காட்டோரத்து ஏழையின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கு என்றைக்காவது இப்படித்தான் வெடிக்கும்.

அப்போ மான் பட்டினி கிடக்கணுமா?

இதைத்தான் அடுத்துக் கேட்பார்கள். "பாவம் சார், வெயில் காலத்தில் உள்ளே புல்லே இல்லை. வாயில்லா ஜீவன். ரெண்டு பழம் போட்டால் என்ன குறைந்துவிடும்?"

நல்ல மனசுதான். அந்த மனசைச் சரியான இடத்துக்குத் திருப்ப வேண்டும். மானுக்குக் கொல்லை தேவை என்றால் அது வேலிக்கு உள்ளே இருக்க வேண்டும். யாரும் கையால் ஊட்டாத, எதுவும் காத்திருந்து பாயாத கொல்லை. அதற்குப் பெயர் புல்வெளி.

வெளிமான் என்ற பெயரையே பாருங்கள். வெளியில், அதாவது திறந்த வெளியில் வாழ்கிற மான். ஓடித் தப்பிக்கிற பிராணிக்குத் தூரம் தெரிய வேண்டும். கிண்டிக்குள் போலோ மைதானம் என்று இன்றும் சொல்லப்படும் திறந்த புல்தரைதான் அதற்குப் பிடித்த இடம். திறந்த வெளியெல்லாம் மரமும் புதரும் சீமைக்கருவேலமுமாக மூடிக்கொண்டே வந்தால் வெளிமானுக்கு இடம் ஏது? 'மரம் நடுவோம்' என்று புல்தரையிலும் மரக்கன்றைக் கொண்டுபோய் நடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோடியக்கரை சரணாலயம் 1967-இல் அமைக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். அங்கேயும் சீமைக்கருவேலம் பரவுவது பெரிய தலைவலி.

முதுமலையில் உண்ணிச்செடி புல்லை மூடி மேய்ச்சலைக் கெடுக்கிறது. அந்நியக் களைச்செடிகளை அகற்றிக் காட்டை மீட்க 2022-இல் தமிழக அரசு ஒரு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடத்தில் நாட்டுப்புல் திரும்ப வந்தால், அதுதான் துப்பாக்கி இல்லாத தீவனக் கொல்லை. அமெரிக்கர்கள் மண் பரிசோதனைக்கும் விதைக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியை நாம் இதற்குக் காட்டினால் போதும்.

நகரத்துக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். பெரும்பாலும் செய்யாமல் இருக்க வேண்டிய காரியங்கள்தான். வேலியோரம் எதையும் நீட்டாதீர்கள். உங்கள் அபார்ட்மெண்ட், உங்கள் ஹாஸ்டல், உங்கள் கல்யாண மண்டபத்து மிச்சச் சாப்பாடு எங்கே போகிறது என்று ஒரு தடவை விசாரியுங்கள். 2021-இல் அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. குப்பை வாரப்படவில்லை என்றால் கேட்பதற்கு ஒரே அலுவலகம். நாய்களைத் திட்டுவதிலும் அடிப்பதிலும் பயனில்லை. மூடியுள்ள குப்பைத் தொட்டியும் ஒழுங்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையும் செய்கிற வேலையைக் கல் செய்யாது.

கடைசியாக ஒன்று

அமெரிக்க வேட்டைக்காரரை இங்கிருந்து கெட்டவன் என்று சொல்வது சுலபம். ஆனால் அவருக்குத் தன் கொல்லை எதற்கு என்று தெரியும். எத்தனை மான் விழுந்தது என்று கணக்கும் கொடுப்பார். வேலியோரம் பழம் போடுகிறவர் கணக்குக் கொடுப்பதில்லை. மான் தின்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ராத்திரி அந்த இடத்தில் நடப்பது அவர் கண்ணில் படுவதே இல்லை.

தீனி என்பது மானுக்கு ஒரு வாக்குறுதி. 'இங்கே வா, இங்கே ஆபத்து இல்லை' என்று அது சொல்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவர்கள் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து மானைப் பார்த்தால் போதும். மான் அழகு தூரத்திலிருந்து பார்த்தாலும் குறையாது.